காற்றை முந்தாதவர்

என் கணவர் மோட்டார் சைக்கிளில் போனால் எங்கள் ஊர் நாய்கள் குரைப்பதில்லை. குரைத்துத் துரத்துவதற்கு நாய்க்கும் ஒரு வேகம் வேண்டியிருக்கிறது. அது அவரிடம் இருக்கவில்லை. புங்குடுதீவில் எங்கள் வீட்டிலிருந்து வேலணையில் அவர் வேலை செய்த கந்தோருக்குப் போக, கடலை ஊடறுத்துக்கொண்டு போகும் தாம்போதியைக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே ஒரு வீதி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அது ஆளைப் பக்கவாட்டில் தள்ளும். அவர் இரண்டு கால்களையும் நிலத்தில் படாத குறையாகத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிதிசைக்கிளில் மணியடித்து எங்களை முந்திக்கொண்டு போவார்கள். பின்னால் இருக்கும் எனக்கு மானம் போகும். இறக்கிவிட்டால் நான் நடந்துபோய்த் தேத்தண்ணி வைத்துவிடுவேன், நீங்கள் வந்து குடிக்கலாம் என்று சொல்லுவேன். அவருக்குக் கோபமே வராது. போய்ச் சேர்ந்தால் சரிதானே என்பார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைச் சொல்லத்தான் நான் நீதிமன்றம் ஏறினேன். ஆண்டுக் கணக்காக ஏறியும் என்னால் இதை அங்கே ஒருவரையும் நம்ப வைக்க முடியவில்லை.

அவர் செத்தது அந்தத் தாம்போதியில்தான். மண் ஏற்றி இறக்கிவிட்டு வந்த டிப்பர் லொறி ஒன்றுக்குச் சில்லு வெடித்துவிட்டது. சாரதி அதை வீதியிலேயே விட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு வெளிச்சம் போடாமல், எச்சரிக்கைக்கு ஒரு சிவப்புத் துணியைக்கூடக் கட்டாமல், உதவிக்கு ஆள் தேடிப் போய்விட்டார். பொழுது பட்டு, கடலும் வீதியும் ஒரே சாம்பல் நிறமாகும் நேரம். இவர் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். டிப்பரின் பின்பக்கத்தில் மோதி விழுந்தார். தலைக்கவசம் போட்டிருந்தார். அதுவும் உதவவில்லை. நான் ஆளைப் பார்த்தபோது துணியால் மூடியிருந்தார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளைத் தூக்கிக்கொண்டு நின்ற எனக்கு முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள்.

பொலிசில் முதலில் வாய் திறந்தவர் அந்தச் சாரதி. இறந்தவர் அதிவேகமாக வந்து மோதினார் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாள் பேப்பரிலும் அதுவே வந்தது. செத்தவீட்டில் யாரோ அந்தப் பேப்பரை என் மடியில் வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதிவேகமாகப் போகிற யாரோ ஒருவர் செத்திருக்கிறார், என்னுடையவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார், எப்போதும் போலப் பிந்தி வருவார் என்று ஒரு நிமிடம் நம்பினேன். அந்த ஒரு நிமிடத்துக்காக அந்தப் பேப்பர்காரருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

டிப்பரின் முதலாளி செத்தவீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுப் படலை எவருக்கும் பூட்டப்படுவதில்லை. வந்தவர் வெள்ளைச் சட்டையோடு பந்தலில் கதிரை போட்டு இருந்தார், ஆண்களோடு கதைத்தார், பெட்டிக்குப் பின்னால் சுடலை வரைக்கும் நடந்தார். முப்பத்தோராம் நாளுக்கும் வந்தார். வந்த இடத்தில் கைநனைக்காமல் போகக் கூடாது என்று இலையில் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். பாயசம் நல்லாயிருக்கிறது என்று கேட்டு வாங்கிக் குடித்தாராம். போகும்போது படலையில் நின்று எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவருக்கும் ஒரு கல்வெட்டைக் கொடுத்தார்கள். அவர் அதை மடிக்காமல் பக்குவமாகக் கொண்டுபோனார்.

கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது கல்லில் வெட்டியது அல்ல. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் வீடு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. முன்னால் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மகள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஆளுக்கொரு தலைப்பில் பாட்டு இருக்கும். இந்தப் பாட்டுகளை வீட்டில் எவரும் எழுதுவதில்லை. எங்கள் ஊரில் பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவர் எல்லா வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தார். ஆர் போய்க் கேட்டாலும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் யாரும் வந்து நீ என்ன புலம்பினாய் என்று கேட்பதில்லை. அவள் உள்ளே அறையில் பாயில் கிடப்பாள். வெளியே ஆண்கள் அச்சகத்துக்குப் போய் வருவார்கள். நான் என்ன புலம்பினேன் என்பதை ஊரிலேயே கடைசியாக அறிந்தவள் நான்தான்.

எங்கள் வீட்டுக் கல்வெட்டைப் பொறுப்பெடுத்தவர் அவருடைய தமையன், எனக்கு அத்தான். பிரான்சில் இருந்து செத்தவீட்டுக்கு வந்தவர் அந்தியேட்டி முடியும்வரை நின்றார். அந்த மோட்டார் சைக்கிளுக்குக் காசு அனுப்பியவரும் அவர்தான். தான் அனுப்பியது தம்பிக்கு எமனாகிவிட்டது என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவர். அவருக்குத் தெரிந்த தம்பி வேறு. அவர் நாட்டை விட்டுப் போனபோது தம்பி பள்ளிக்கூடப் பெடியன். சட்டையில்லாமல் மிதிசைக்கிளை எழுந்து நின்று மிதித்துத் தாம்போதியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பந்தயம் ஓடி வென்றவன். அதற்குப் பிறகு அவர் தம்பியைக் கண்டதெல்லாம் தொலைபேசியில்தான். தொலைபேசியில் வேகம் தெரியாது. வாத்தியாரிடம் போய், தம்பிக்கு அந்த மோட்டார் சைக்கிள் என்றால் உயிர், அதையும் பாட்டில் சேர்த்துவிடுங்கள், சின்னனிலிருந்தே காற்றுமாதிரி ஓடுவான் என்று சொல்லியிருக்கிறார். வாத்தியார் அதை மனைவி புலம்பலில் சேர்த்தார். சகோதரர் புலம்பலில் சேர்த்திருந்தாலும் பரவாயில்லை. அங்கே இடம் போதவில்லையாம்.

"காற்றையும் முந்திக் கடுகி வருவீரே,
நேற்றுவரை வந்தீரே, இன்றெங்கே போனீரே."

இதுதான் என் புலம்பல். மேலே என் முழுப் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தது. படித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அலுமாரிக்குள் வைத்தேன். அதற்கு மேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை. செத்தவர்களை எல்லோரும் நல்லதாகத்தானே எழுதுகிறார்கள். எங்கள் தீவில் கெட்டவர் ஒருவரும் செத்ததாகக் கல்வெட்டு இல்லை.

பொலிசார் போட்ட வழக்கு வெளிச்சம் போடாமல் வாகனத்தை நிறுத்தியதற்கான தண்டத்தோடு முடிந்துவிட்டது. அதிவேகம் என்ற சொல் அப்படியே இருந்தது. அந்தச் சொல்லை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யாரோ சொல்லி, பட்டணத்தில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனேன். என்னிலும் வயது குறைந்தவர். என்னை அக்கா என்று கூப்பிட்டார். பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு, இது டிப்பர் முதலாளிமேல் நாங்களாகப் போடுவது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று விளக்கினார். நான் கொண்டுபோன மரணச் சான்றிதழைப் பார்த்தார், அவருடைய சம்பளத் துண்டுகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, முதலிலயே சொல்லிப்போடுறன். உங்கட கவலைக்குச் சட்டத்தில இடமில்லை. அவர் உழைச்சு உங்களையும் பிள்ளையையும் பாத்தாரே, அது இல்லாமப் போனதுக்குத்தான் நட்டஈடு."

எனக்குக் காசு பெரிதில்லை என்றேன். பொய்தான், பெரிதுதான், ஆனால் அதைவிடப் பெரிது ஒன்று இருந்தது.

"அவர் மெதுவாத்தான் வந்தவர் எண்டு ஒரு நீதிபதி சொல்லவேணும் மிஸ். அது காணும் எனக்கு."

அப்படி ஒன்றைக் கேட்டு வழக்குப் போட ஏலாது என்று அவர் சொன்னார். ஆனால் கவனயீனம் யாரில் என்று நீதிமன்றம் தீர்மானிக்கத்தான் வேண்டும், நீங்கள் கேட்பது அதற்குள் வரும் என்றார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நான் பத்திரங்களில் கையெழுத்து வைத்தேன்.

கணக்கு எடுக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. அவர் கொண்டுவந்த சம்பளத்தில் தனக்கென்று செலவழித்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கேட்கலாமாம். அவருக்கு என்ன செலவு என்று கேட்டார். வெற்றிலை இல்லை, சிகரெட் இல்லை, குடி இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி கூட இல்லை, செருப்பு அறுந்தால் தைத்துப் போடுவார், மோட்டார் சைக்கிளுக்கும் எண்ணெய் அதிகம் போகாது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்தார். இவ்வளவு குறைவாகச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஏதாவது கெட்ட பழக்கம் யோசித்துப் பாருங்கள் அக்கா என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இருந்து என் புருஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம் தேடினேன். கிடைக்கவில்லை.

வழக்கு என்பது வழக்குப் பேசுவது என்று நினைத்திருந்தேன். அது தவணை போடுவது. எதிராளியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லை, தவணை. நீதிபதி மாற்றலாகிப் போனார், தவணை. ஒவ்வொரு தவணைக்கும் விடியப் பஸ் எடுத்து அந்தத் தாம்போதியில் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அதே இடத்தைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். முதலில் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு பழகிவிட்டது. பழகிய அன்றைக்குத்தான் எனக்கு என்னில் வெறுப்பு வந்தது. இதற்கிடையில் மகள் நேர்சரிக்குப் போனாள், பள்ளிக்கூடம் போனாள், பல் விழுந்து முளைத்தது.

கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். என் சட்டத்தரணி கேட்டதற்கெல்லாம் சொன்னேன். அவர் எப்படி ஓடுவார், நாய் குரைக்காதது, பிள்ளைகள் முந்துவது எல்லாம் சொன்னேன். நீதிபதிகூட ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. பிறகு மற்றப் பக்கச் சட்டத்தரணி எழும்பினார். வயதான மனிதர், மரியாதையாகத்தான் கதைத்தார். ஒரு சிறு புத்தகத்தைக் கையில் தந்து, இது உங்கள் வீட்டில் அச்சடித்ததா என்று கேட்டார். அட்டையில் என்னுடையவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஓம் என்றேன். இந்தப் பெயர் உங்களுடையதா என்றார். ஓம் என்றேன். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் அந்த இரண்டு வரியையும் வாசித்தார். நல்ல குரல். எங்கள் அந்தியேட்டியில்கூட அதை ஒருவரும் அவ்வளவு வடிவாக வாசிக்கவில்லை. பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. அந்தப் பெண்ணை அழவைத்தது என் புலம்பல். என்னை அறுத்ததும் அதுதான்.

அது வாத்தியார் எழுதியது, நான் எழுதியதில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் அது பொய்யா என்று கேட்டார். நான் என் சட்டத்தரணியைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் ஐயா. பொய்தான்."

"புருஷன்ர சாவில, உங்கட பேரைப் போட்டு, ஊர் முழுக்கப் பொய்யைக் குடுத்தனீங்கள். இண்டைக்கு இதில நிண்டு சொல்லுறது மட்டும் உண்மை எண்டு நாங்கள் எப்பிடி நம்புறது?"

கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டு அழுதிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். எனக்கு வந்ததோ கோபம். எங்கள் சோற்றைத் தின்று பாயசத்தையும் குடித்துவிட்டு, எங்கள் படலையில் வாங்கிய புத்தகத்தை எங்களுக்கே திருப்பிக் காட்டிய அந்த முதலாளி பின்னால் இருந்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பாட்டை வாத்தியார் எழுத, நான் பொறுப்பெடுத்துப் பொய்க்காரியாகி இறங்கினேன்.

வாத்தியாரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று பார்த்தால் அவர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கும் ஒரு கல்வெட்டு வந்தது. அதில் அவரைக் கவிமாரி என்று போட்டிருந்தார்கள். அத்தானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நான் நல்லதுக்குத்தானே செய்தனான் பிள்ளை என்றார். அவர் அழுவது கேட்டது. அவரோடு கோபிக்க நினைத்தேன். ஏலாமல் போய்விட்டது. தம்பியை அவர் விட்டுப்போன வயதிலேயே வைத்திருந்தார். அது ஒரு குற்றமா?

தீர்ப்பு வந்த நாள் என் சட்டத்தரணியின் முகம் மலர்ந்திருந்தது. வென்றுவிட்டோம் அக்கா என்றார். நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாம், ஆனால் கேட்டதில் பாதி. ஏன் பாதி என்று கேட்டேன். அவர் தீர்ப்பைப் புரட்டி எனக்கு விளங்கும்படி சொன்னார். வெளிச்சமில்லாமல் நிறுத்தியது சாரதியின் கவனயீனம். அதே நேரம், இறந்தவர் மெதுவாக வந்திருந்தால் நின்ற வாகனத்தை நிச்சயம் கண்டிருப்பார், தன் சாவுக்கு அவரும் பங்குகாரர். கல்வெட்டைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. நான் மேல்முறையீடு பற்றிக் கேட்டேன். அதற்கும் ஆண்டுக் கணக்கு ஆகும், கிடைத்த பாதியும் போகலாம், பிள்ளையை யோசியுங்கள் என்றார். யோசித்தேன். கையெழுத்து வைத்தேன். அன்றைக்குத் தாம்போதியில் பஸ் வந்தபோது நான் கண்ணை மூடவில்லை. அந்த இடத்தைப் பார்த்தேன். வெறும் வீதி. பாதிக் கொலைகாரராகவே அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இதைவிட மோசமானது பிறகுதான் தொடங்கியது. இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது. அந்த ஒரு பொழுதில் மட்டும் அவர் வேகமாக வந்தாரோ? மழை இருட்டியிருந்ததா, பசியா, மகளைப் பார்க்கும் ஆசையா? அவரை நினைத்துப் பார்க்கும்போது கால் இரண்டையும் தொங்கப் போட்டு வரும் அந்த உருவம் முன்போல வருவதில்லை. சட்டை காற்றில் புடைக்க யாரோ ஒருவர் சீறிக்கொண்டு வருகிறார். முகம் அவருடையதுதான். பொலிஸ் எழுதி, பேப்பர் எழுதி, வாத்தியார் எழுதி, நீதிபதியும் எழுதிய பிறகு, நான் ஒருத்தி மட்டும் எவ்வளவு நாளைக்கு அவரை மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பது? வழக்குப் போடாமல் இருந்திருந்தால் அவர் எனக்காவது மிஞ்சியிருப்பார்.

போன மாதம் நான் குசினியில் இருந்தேன். மகள் அலுமாரியைக் கிளறிக் கல்வெட்டை எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில் இருந்து படித்தாள். இப்போது எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். அப்பாவைப் பற்றி அவளுக்கு ஒரு ஞாபகமும் இல்லை. அந்தப் புத்தகம்தான் அவளுக்கு அப்பா. காற்றையும் முந்தி என்ற வரியை இரண்டு மூன்று தரம் ராகமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா அவ்வளவு கெதியா ஓடுவாரோ என்று கேட்டாள். அவளுடைய கண்ணில் ஒரு பெருமை.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். இல்லைப் பிள்ளை, உன்ர அப்பா சரியான மெதுவு என்றேன். நாய்கள் குரைக்காததைச் சொன்னேன். தொங்கும் கால்களை என் காலால் ஆட்டிக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணியடித்து முந்தியதைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் பழையபடி என் கண்ணுக்கு முன்னால் ஊர்ந்து வந்தார்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்தி, அப்ப ஏன் செத்தவர் என்று கேட்டாள். ஒரு பெரிய லொறி வெளிச்சம் போடாமல் வீதியில் நின்றது, அதில் போய் இடிபட்டுவிட்டார் என்றேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"மெதுவா வந்திருந்தா லொறி தெரிஞ்சிருக்குமே அம்மா."

தீர்ப்பை நான் அவளுக்கு வாசித்துக் காட்டியதேயில்லை.